மேட்டைப் பார்த்த தடம்

விடிவதற்கு முன்பே மண்குழிக்குள் ஆள் இறங்கியாகிவிட்டது. முந்தின நாள் மழைத் தண்ணீர் குழியின் அடியில் கணுக்கால் அளவுக்கு நின்றது. மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் சதக்கென்று இறங்கிவிடும். திரும்ப இழுக்கும்போதுதான் உயிர் போகும். ஈரக் களிமண் இரும்பை லேசில் விடாது. வெட்டுகிற ஆண்கள் பன்னிரண்டு பேர், கூடையில் அள்ளி டிரெய்லருக்குள் வீசுகிற பெண்கள் பன்னிரண்டு பேர். எங்கள் செங்கல் சூளையில் புருஷன் பெண்டாட்டி ஜோடியாகத்தான் வேலைக்கு எடுப்பார்கள். குளிரில் யாருக்கும் பேச வாய் வரவில்லை. மூச்சு வாங்குகிற சத்தமும் மண் விழுகிற சத்தமும்தான் கேட்டுக்கொண்டிருந்தன. பெருமழை பிடிப்பதற்குள் குழியிலுள்ள மண்ணையெல்லாம் மேலே கொண்டுவந்து குவித்துவிட வேண்டும் என்று முதலாளியின் உத்தரவு.

நான் மண் வெட்டுகிறவன் இல்லை. சூளையின் வண்டிகளுக்குச் சக்கரம் கழற்றி மாட்டுவது, பஞ்சர் ஒட்டுவது, கிரீஸ் அடிப்பது என் வேலை. வீட்டில் எனக்கும் ஒரு பெயர் வைத்துத்தான் வளர்த்தார்கள். இங்கே எல்லோருக்கும் நான் 'பஞ்சர்'. கூடப் பிறந்த அக்காவும் அப்படியேதான் கூப்பிடுவாள். அவள் கூப்பிட்டால் மட்டும் எனக்குக் கோபம் வராது.

அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, டிராக்டர் ஓட்டுகிறார். அக்கா கட்டை பிடிக்கிறாள். அது என்ன வேலை என்றால், மண் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு டிராக்டர் குழியிலிருந்து ஏற்றத்தில் ஏறும்போது, டிரெய்லர் சக்கரத்தை ஒட்டிக் கையில் ஒரு முக்கோணக் கட்டையோடு ஒருத்தி நடந்து வர வேண்டும். வண்டி பின்னால் நழுவினால் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுக்க வேண்டும். கொடுத்த கையோடு விலகியும் ஓட வேண்டும். அந்தக் கட்டையை டிரைவரின் பெண்டாட்டிதான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் முதலாளி போட்ட சட்டம்.

"பொண்டாட்டி பின்னால இருந்தா எவனும் அசட்டையா ஓட்டமாட்டான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பெரிய கண்டுபிடிப்பு! நாசமாய்ப் போக.

அன்றைக்கு முதல் நடை எப்படியோ ஏறிவிட்டது. பாதி ஏற்றத்தில் டிராக்டரின் பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின. பத்துப் பேர் பின்னால் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். மேலே மண்ணைக் கொட்டிவிட்டு மாமா மறுபக்கத்து வழியாகக் குழிக்கு இறங்கினார். இறங்க ஒரு வழி, ஏற ஒரு வழி. அக்கா மட்டும் ஏற்றத்தின் நடுவிலேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய் பஞ்சர், இங்க வா."

போனேன். டிரெய்லர் சக்கரம் கொஞ்சம் உள்ளே தள்ளி ஓடும். அதனால் டிராக்டரின் பெரிய டயர் பதித்த தடம் ஓரத்தில் அழியாமல் கிடந்தது.

"இந்த அம்பு எந்தப் பக்கம் பாக்குது?"

டிராக்டர் டயரின் மேல் தடித்த ரப்பர் பட்டைகள் சாய்வாக ஓடி, நடுவில் கூர் வைத்துச் சேரும். மண்ணில் பதிந்தால் அம்பு அம்பாகத் தெரியும்.

"மேட்டப் பாக்குது" என்றேன்.

"போன மழைக்கெல்லாம் குழியப் பாத்துச்சு. வண்டி எங்கேர்ந்து வந்துச்சோ அந்தப் பக்கம். இப்ப ஏன் போற பக்கம் பாக்குது?"

"என்னக்கா நீ, தடத்தையெல்லாம் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு?"

"பின்ன வேற எதப் பாக்கச் சொல்ற? அங்க சினிமாவா ஓடுது? நாள் பூரா தரையப் பாத்துக்கிட்டே நடக்கிறவடா நான்."

"அது வேற டயரு அக்கா. அச்சு வேற மாதிரி" என்றேன்.

அக்கா என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

பொய். அதே டயர்தான். வெயில் காலத்தில் டிராக்டர் முழுக்கத் தார் ரோட்டில் செங்கல் ஏற்றி ஓடியது. தார் ரோட்டில் ஓடினால் பட்டையின் ஒரு விளிம்பு மட்டும் தேயும். தேயாத விளிம்பும் தேயட்டும், இன்னும் ஒரு வருஷம் ஓட்டிவிடலாம் என்று முதலாளி என்னைக் கூப்பிட்டு, இடது சக்கரத்தை வலப்பக்கமும் வலது சக்கரத்தை இடப்பக்கமும் மாட்டச் சொன்னார். டயரின் பக்கத்தில் உருள வேண்டிய திசைக்கு ஒரு அம்புக்குறி அச்சடித்திருக்கும். அதற்கு நேர் எதிராகத்தான் மாட்டினேன். தார் ரோட்டில் அது பெரிய கேடு இல்லை. சேற்றில் அது எமன். ஒழுங்காக மாட்டிய டயர் கூர்ப்பக்கம் முதலில் மண்ணில் கடித்து, சேற்றை இரண்டு பக்கமும் பிதுக்கித் தள்ளிவிடும். திருப்பி மாட்டினால் சேறு வெளியே போகாமல் நடுவில் வந்து அடைத்துக்கொள்ளும். நாலு சுற்றில் பட்டையே தெரியாது. டயர் மொழுமொழுவென்று ஒரு களிமண் உருண்டையாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏற்றத்தில் ஏறு என்றால் எப்படி ஏறும்?

மழைக்கு முன்னால் திருப்பி மாட்டிவிட வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். மாமாவும் ஒரு தடவை கேட்டார். "வண்டிய அரை நாள் நிறுத்தினா மண்ண உன் தலையில சுமப்பியா?" என்றார் முதலாளி. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். எங்களுக்குள் ஒருவரையொருவர் பார்க்கும்போதுகூட அதைப் பேசுவதில்லை. அக்காவிடம் சொல்லவே இல்லை. சொன்னால் அவள் சும்மா இருக்கமாட்டாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வேலையோடு சூளை கொடுத்த அறையும் போய்விடும் என்பதும் தெரியும். அந்தப் பயத்துக்கு நாங்கள் அக்காவை முன்னால், இல்லை, பின்னால் நிறுத்தினோம். இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

இரண்டாம் நடைக்குத் தூறல் போட்டது. மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் அடித்தொண்டையில் உறுமியது. பாதி ஏற்றம். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. சேறு பின்னால் தெறிக்காமல் டயரோடு சேர்ந்தே சுற்றியது. "தள்ளு, தள்ளு" என்று குரல் வந்தது. பின்னால் தோள் கொடுத்தவர்களில் நெட்டையனும் ஒருவன். எல்லோரையும்விட ஒரு முழம் உயரம், வாயைத் திறந்தால் கேலிதான். "நானும் தள்ளுறேன், அதுவும் தள்ளுது, யாரு பெருசுன்னு பாத்துடலாம்" என்று அவன் சொன்னது மேலே வரைக்கும் கேட்டது. நாலு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வண்டி பின்னால் நகர்ந்தது. மாமா பிரேக்கை மிதித்தார். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. அக்கா குனிந்து கட்டையைக் கொடுத்தாள். என் கண்ணால் பார்த்தேன், சக்கரத்துக்கு நேர் அடியில்தான் கொடுத்தாள். கட்டையும் சக்கரமும் சேர்ந்து சறுக்கின. டிரெய்லர் ஒரு பக்கமாக வளைந்து குழியின் சுவரில் போய் மோதியது. சுவருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் நெட்டையனின் வலது கால்.

அவன் கத்தவில்லை. "அய்யோ, அம்மா" என்று மெதுவாக, யாரையோ பக்கத்தில் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை. மண்ணைத் தோண்டி அவனை வெளியே எடுத்தோம். முட்டிக்குக் கீழே கால் கால் மாதிரி இல்லை. கதவுப் பலகை ஒன்றில் படுக்கவைத்து மெயின் ரோட்டுக்குத் தூக்கி ஓடி, வந்த பால் வேனை மறித்து ஏற்றினோம். எங்கள் ஆள் ஒருவனும் அவன் பெண்டாட்டியும் கூட ஏறினார்கள். அவள் கையிலிருந்த மண்கூடையைக் கீழே போடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

எட்டு மணிக்கு முதலாளியின் ஜீப் வந்தது. இறங்கி, குழியை எட்டிப் பார்த்தார். ஏற்றத்தின் அடியில் டிரெய்லர் சாய்ந்து கிடந்தது. வேலை செய்தவர்கள் எல்லோரும் மேலே வந்து மண் குவியல் பக்கம் நின்றிருந்தோம்.

"கட்டை யாரு புடிச்சது?"

"நான்தான்" என்றாள் அக்கா.

"எங்க குடுத்த கட்டைய? வானத்துலயா?"

"சக்கரத்துக்கு அடியிலதான் குடுத்தேன். கட்டையும் சேந்து வழுக்கிடுச்சு."

"வழுக்கும். கவனம் இல்லாம இருந்தா எல்லாம் வழுக்கும். போலீஸ் கேட்டா நான் என்ன சொல்றது? கட்டைக்காரி அசந்துட்டா, ஒருத்தன் கால் போச்சு. உள்ளதத்தானே சொல்லணும்?"

எதற்கும் அசராத அக்கா, தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கைகள் தப்பாகக் கொடுத்துவிட்டனவோ என்று அவளே சந்தேகப்படுகிறாள். எனக்கு அதற்குமேல் முடியவில்லை.

"மொதலாளி, சக்கரம் மாத்தி மாட்டியிருக்கு" என்றேன்.

"என்னது?"

"டிராக்டர் பின்சக்கரம் ரெண்டும். இடம் வலம் மாத்தி, திருப்பி மாட்டியிருக்கு. சேத்துல அது புடிக்காது."

"யாரு மாட்டினா?"

"நான்."

முதலாளி சிரித்தார். "அப்ப உன்னத்தான் போலீஸ்ல குடுக்கணும்."

"குடுங்க. என் தப்பும்தான். மாட்டச் சொன்னது நீங்க. திருப்பணும்னு சொன்னப்ப வேணாம்னதும் நீங்க. அதையும் நானே போலீஸ்ல சொல்றேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"காலையில கேட்டேனேடா" என்றாள்.

அவ்வளவுதான். என்னைத் தாண்டி மாமாவையும் பார்த்தாள். மாமா தலை குனிந்தார். அவருக்கும் தெரியும் என்று அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"டயர் என்ன மரத்துலயா காய்க்குது?" முதலாளியின் குரல் ஏறியது. "இத்தன நாள் ஏறுன வண்டி இன்னிக்கு மட்டும் ஏறாதா? ஆளுக்கொரு கதை சொல்றீங்க."

மாமா குழிக்குள் இறங்கினார். டிரெய்லரின் கொக்கியைக் கழற்றிவிட்டார். டயரில் அப்பியிருந்த சேற்றை மண்வெட்டியால் வழித்தார். வெறும் டிராக்டரை முன்பக்கமாக ஏற்றத்தில் விட்டார். பாதி வழியில் டயர் மறுபடி உருண்டையானது. சுற்றியது, நின்றது, பின்னால் வழுக்கியது. எல்லோரும் பார்த்தார்கள். கீழே கொண்டுபோய்ச் சேற்றை வழித்து, வண்டியைத் திருப்பி நிறுத்தினார். ரிவர்ஸ் கியர் போட்டு, பின்பக்கமாக ஏற்றத்தில் விட்டார். பட்டை மண்ணைக் கடித்தது. சேறு இரண்டு பக்கமும் பிதுங்கி விழுந்தது. டிராக்டர் ஆடி ஆடி, ஆனால் நிற்காமல், முழு ஏற்றமும் ஏறி எங்கள் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நின்றது.

மாமா எஞ்சினை அணைத்தார். "இது பின்னால போறதுக்கு மாட்டின டயர் மொதலாளி. முன்னால போகாது" என்றார்.

"சர்க்கஸ் காட்டுறியா?"

"வித்தை காட்டல. என் பொண்டாட்டி அசரலன்னு காட்டுறேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. மண் சுமக்கிறவர்களில் ஒருத்திக்கு வெண்கலம் என்று பெயர். அவள் குழியில் பேசினால் மெயின் ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். "சக்கரத்தத் திருப்பி மாட்டுங்க. நெட்டையன் ஆஸ்பத்திரிச் செலவு ஒங்களோடது. அதுவரைக்கும் ஒரு கூடை மண்ணு ஏறாது" என்றாள்.

"ஏறாதா? பாக்குறேன். சாயங்காலத்துக்குள்ள வேற ஜோடி வந்து நிக்கும். இவங்க ரெண்டு பேரும், இந்தப் பஞ்சரும், அறையக் காலி பண்ணணும்." ஷெட்டுக்குள் போய் ஜாக்கியை அவரே தூக்கி வந்து ஜீப்பில் போட்டுக்கொண்டார். "என் வண்டி, என் சக்கரம். எவனும் தூக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப் போய்விட்டது. வானம் கறுத்துக்கொண்டே வந்தது. ஒருவர் மெல்லச் சொன்னார், "நமக்கு எதுக்குப்பா வம்பு? நாளைக்கு அடுப்பு எரியணுமில்ல?"

"அண்ணே, நேத்து நெட்டையன் நின்ன எடத்துல யாரு நின்னா?" அக்கா கேட்டாள்.

நேற்று அங்கே நின்றவர் அவர்தான்.

"நாளைக்கு யாரு நிப்பான்னு தெரியாது. பின்னால நான் இருந்தாலும் அதே வழுக்கல்தான், வேற ஒருத்தி இருந்தாலும் அதே வழுக்கல்தான். சக்கரம் திரும்பினாத்தான் உண்டு."

"ஜாக்கி இல்லையேக்கா" என்றேன். ஸ்பேனர் மட்டும் என் சொந்தம், இடுப்பில் இருந்தது. "அச்ச மேல தூக்காம எப்படிச் சக்கரத்தக் கழட்டுறது?"

வெண்கலம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏண்டா, வண்டிய எதுக்குத் தூக்கணும்? அச்சுக்கு அடியில செங்கல்ல முட்டுக் குடுத்துட்டு, சக்கரத்துக்குக் கீழ இருக்கிற மண்ண எடுத்தா சக்கரம் தானா தொங்காதா? மண்ணு எடுக்கிறதுதானேடா பொறந்ததுலேர்ந்து நம்ம பொழப்பு!"

இத்தனை வருஷம் சக்கரம் கழற்றியவனுக்கு அது தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. அன்றைக்கு முதல் தடவையாக எல்லோரும் சிரித்தார்கள்.

டிராக்டரைச் சமதரையில், செங்கல் அடுக்குகளின் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினோம். முன்சக்கரங்களுக்குப் பாறாங்கல் கொடுத்தோம். சுட்ட செங்கல் கைமாறிக் கைமாறி வந்தது. பின்னச்சுக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு முட்டு, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினோம். அடுக்கியவர்களில் அடுப்புக்குப் பயந்த அண்ணனும் இருந்தார். அவர் வரிசைதான் கோணாமல் இருந்தது. ஆனால் செங்கல்மேல் இரும்பு நேரடியாக உட்கார்ந்தால் செங்கல் பொடிந்துவிடும். நடுவில் கெட்டி மரம் வேண்டும். அக்கா தன் கட்டையைத் தூக்கி வந்தாள். அதைப் படுக்கவைத்து, மிச்சச் சந்துக்கு மரச்சில்லு அடித்து, இடப்பக்க முட்டின் மேல் இறுக்கினேன். வலப்பக்கத்துக்கு மரம் தேடினோம். இருந்த பலகையெல்லாம் உளுத்தது. நல்ல மரத்தையெல்லாம் முதலாளி ஷெட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டிருந்தார். ஒரு பக்கம் தயாராக இருந்தும் மண்ணில் கை வைக்க முடியாமல் நின்றோம்.

ஆஸ்பத்திரிக்குப் போன ஆள் அப்போதுதான் திரும்பி வந்தான். "உயிருக்குப் பயமில்ல. காலு தேறுமான்னு தெரியாதுன்னுட்டாங்க" என்றான்.

நாலு மணிக்கு ஜீப் வந்தது. பின்னால் ஒரு புது ஜோடி, மடியில் துணி மூட்டை. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். அவள் கையில் புதுக் கட்டை, அறுத்த வெள்ளை மாறாமல் இருந்தது.

அச்சுக்கு அடியில் செங்கல் முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்ததும் முதலாளியின் முகம் மாறியது. "அதக் கலைங்கடா" என்றார். யாரும் நகரவில்லை. புது டிரைவரிடம் திரும்பி, "ஏறி வண்டிய எடு. ஏம்மா, நீ என்ன வேடிக்கை பாக்குற? கட்டைய எடுத்துக்கிட்டுப் பின்னால போ" என்றார்.

அக்கா அந்தப் பெண்ணிடம் போனாள். "அஞ்சு நிமிஷம் வா தங்கச்சி. அப்புறம் ஒன் இஷ்டம்" என்று கையைப் பிடித்து ஏற்றத்துக்கு அழைத்துப்போனாள். மாமா டிராக்டரை ஓட்டிக் காட்டிய பாதைக்கு ஓரமாக, தூறலிலும் கரையாமல் காலைத் தடம் கிடந்தது. மேட்டைப் பார்த்த அம்புகள், அதற்குக் கீழே கட்டையும் சக்கரமும் சேர்ந்து இழுத்துக்கொண்டு போன நீளக் கோடு, அதன் முடிவில் சிவந்த சேறு. "இது கட்டை நான் குடுத்த எடம். இது போய் நின்ன எடம். உன் கட்டையும் இப்படித்தான் போகும்" என்றாள்.

அந்தப் பெண் கோடு முழுவதும் நடந்து பார்த்தாள். திரும்பி வந்து புருஷன் முன்னால் நின்றாள்.

"இந்த டயரு தப்பா மாட்டினதா?"

அவன் டயரைப் பார்த்தான். டிரைவருக்கு ஒரு பார்வை போதும். முதலாளியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். நானும் மாமாவும் இத்தனை நாள் பார்த்த அதே தரை.

"சொல்லுய்யா. நான்தானே பின்னால நடக்கப் போறேன்?"

"தப்புத்தான்" என்றான்.

"ஏறுடா வண்டியில!" என்று முதலாளி கத்தினார். அவன் ஏறவில்லை. மூட்டையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தான்.

அவள் எங்கள் பக்கம் வந்தாள். அக்காவின் கட்டை இறுகியிருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். சுற்றிப் போய் வலப்பக்கத்தில் மரமில்லாமல் நின்ற செங்கல் அடுக்கையும் பார்த்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கையிலிருந்த வெள்ளைக் கட்டையை என்னிடம் நீட்டினாள்.

"சரியா இருக்குமா பாருங்கண்ணே" என்றாள்.

சரியாக இருந்தது. சில்லு வைத்து அடித்து இறுக்கினேன்.

"போலீசோட வரேன். ஒருத்தனும் தப்ப முடியாது" என்று முதலாளி ஜீப்பில் ஏறினார். வருவார், சொன்னதைச் செய்கிறவர்தான். இன்னும் ஒரு மணி நேரமோ, ஒன்றரை மணி நேரமோ. இடி ஒன்று தூரத்தில் உருண்டது. அறையைக் காலி செய்யச் சொன்னது அப்படியே இருக்கிறது, நெட்டையனின் கால் என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் முட்டு இரண்டு பக்கமும் நின்றது. மாமா ஒரு சக்கரத்தின் பக்கம் போய் நின்றார், புது டிரைவர் மறு சக்கரத்தின் பக்கம்.

அக்கா என் தோளில் கை வைத்தாள். காலையிலிருந்து இப்போதுதான் என்னைத் தொடுகிறாள்.

"பஞ்சர், இந்தத் தடவ அம்பப் பாத்து மாட்டுடா."

"மாட்டுறேன்க்கா" என்றேன்.

வெண்கலம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சக்கரத்துக்கு அடியில் முதல் மண்வெட்டியைப் போட்டாள்.